கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூசிக்கும் சிஎஸ்யுவுக்கும்: கலிஃபோர்னியா டிரான்ஸ்ஃபர் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மூத்த மகன் ஃப்ரீமாண்ட்டில் ஹைஸ்கூல் முடித்து, கம்யூனிட்டி காலேஜில் மூன்று வருடம் படித்து, அங்கிருந்து யூசியில், அதாவது யுனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியாவில், மூன்றாம் ஆண்டில் சேர்ந்தான். இப்படி மாறுவதைத்தான் டிரான்ஸ்ஃபர் என்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருடத்தில் முடிந்திருக்க வேண்டிய படிப்பு அது. ஒரு வருடம் வீணானதற்குக் காரணம் அவன் படிக்காதது இல்லை, எந்தப் பாடத்தை எங்கே எடுக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாதது. அப்போதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பள்ளி வாசலில் காத்திருக்கும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லாமே கலிஃபோர்னியாவைப் பற்றியது, வேறு மாநிலங்களில் விதிகள் வேறு.

கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஊர் பாலிடெக்னிக் மாதிரியா?

கொஞ்சம் அப்படித்தான். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேர்வதை நாம் பார்த்திருக்கிறோம். இங்கே கம்யூனிட்டி காலேஜில் முதல் இரண்டு வருடப் பாடங்களை முடித்துவிட்டு நேரடியாக மூன்றாம் ஆண்டில் சேர்கிறார்கள். பாலிடெக்னிக் பாடத்திட்டம் தனி, இங்கே அப்படியில்லை. பல்கலைக்கழகத்தில் முதல் இரண்டு வருடம் என்ன நடத்துவார்களோ அதே கால்குலஸ், அதே இயற்பியல், அதே ஆங்கிலம்தான். இது யாரோ ஒட்டுப்போட்டுக் கண்டுபிடித்த குறுக்கு வழியும் இல்லை. 1960இல் கிளார்க் கெர் யூசியின் தலைவராக இருந்தபோது போட்ட மாஸ்டர் பிளானே மூன்று அடுக்காகத்தான் இருந்தது: ஆராய்ச்சிக்கு யூசி, பரவலான பட்டப்படிப்புக்கு இன்றைய சிஎஸ்யு (கலிஃபோர்னியா ஸ்டேட் யுனிவர்சிட்டி), யார் வந்தாலும் சேர்த்துக்கொள்ள கம்யூனிட்டி காலேஜ், கீழிருந்து மேலே ஏற ஒரு படிக்கட்டு. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் சமுதாயக் கல்லூரி என்ற பெயரில் நடக்கும் குறுகிய காலத் தொழிற்பயிற்சியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஊரில் கேட்டால் என்ன சொல்வது? டிகிரியில் கம்யூனிட்டி காலேஜ் என்று போடுவார்களா?

போட மாட்டார்கள். யூசி டேவிஸில் முடித்தால் யூசி டேவிஸ் டிகிரி, நான்கு வருடமும் அங்கேயே படித்தவருக்குக் கொடுக்கும் அதே தாள்.

ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது டிகிரி இல்லை, வெட்கம். அதை நான் லேசாகச் சொல்லவில்லை, எங்கள் வீட்டிலும் அது இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை பெர்க்லிக்குப் போகும்போது நம் பிள்ளை வீட்டிலிருந்தே காலேஜுக்குப் போனால் விசேஷங்களில் பேச்சை மாற்றுகிறோம். பிள்ளை அதைக் கவனிக்கிறான். முதல் வருடம் முழுக்க அவன் எதையும் கேட்காமல், யாரிடமும் போய் நிற்காமல் தலையைக் குனிந்துகொண்டே படிப்பான். டிரான்ஸ்ஃபருக்கு முதல் வருடம்தான் மிக முக்கியமான வருடம். அவன் வாயைத் திறந்து கேட்க வேண்டிய நேரத்தில் நாம் அவனைக் கூச்சப்பட வைக்கக் கூடாது.

உண்மையிலேயே எவ்வளவு மிச்சமாகும்?

கலிஃபோர்னியாவில் வசிப்பவருக்கு கம்யூனிட்டி காலேஜ் கட்டணம் ஒரு செமஸ்டர் யூனிட்டுக்கு (யூனிட் என்பது பாடத்தின் அளவு) 46 டாலர். 60 யூனிட், அதாவது இரண்டு வருடப் படிப்பு, எடுத்தால் 2,760 டாலர். யூசியில் மாநிலத்தவருக்கே கல்விக் கட்டணம் மட்டும் வருடத்துக்கு 14,000 டாலருக்கு மேல், விடுதியும் சாப்பாடும் தனி. முதல்முறையாக காலேஜ் சேர்ந்து முழுநேரம் படிப்பவர்களுக்குப் பல காலேஜ்களில் முதல் இரண்டு வருடக் கட்டணமே கிடையாது, சேரும்போது கேளுங்கள். குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால் ஃபாஃப்சா என்ற மத்திய அரசு உதவித்தொகை விண்ணப்பத்தையும் மறக்காமல் போடுங்கள். யூசி, சிஎஸ்யுவில் சேரப்போகிறவர்களுக்கு மார்ச் 2தான் கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைக்குக் கடைசித் தேதி. சம்பளம் அதிகம், நமக்குக் கிடைக்காது என்று நாமே முடிவு செய்துகொள்ள வேண்டியதில்லை.

எங்கே ஆரம்பிப்பது?

அசிஸ்ட் என்ற இணையதளத்தில். முகவரி அசிஸ்ட் டாட் ஓஆர்ஜி, இலவசம், கணக்குத் தொடங்கத் தேவையில்லை. உங்கள் கம்யூனிட்டி காலேஜையும், போக நினைக்கும் யூசி அல்லது சிஎஸ்யு வளாகத்தையும், மேஜரையும் (முதன்மைப் பாடம்) தேர்ந்தெடுத்தால் இரண்டு பத்தியாக ஒரு ஒப்பந்தம் வரும். ஒரு பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம், மறுபக்கம் அதற்குச் சமமாக உங்கள் காலேஜில் இருக்கும் பாடம். மறுபக்கத்தில் சமமான பாடம் இல்லை என்று இருந்தால் அந்தப் பாடம் உங்கள் காலேஜில் இல்லை, வேறு காலேஜில் எடுக்க முடியுமா என்று பாருங்கள்.

முதல் செமஸ்டருக்குப் பாடம் பதியும் முன்பே இதைச் செய்யுங்கள். ஒரு வளாகத்துக்கு மட்டும் இல்லை, நான்கைந்து வளாகங்களுக்கு அச்செடுத்து மேசையில் பரப்பி வையுங்கள். எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களை முதலில் எடுங்கள். ஒரே ஒரு வளாகம் கேட்பதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். ஒரே மேஜருக்குக்கூட வளாகத்துக்கு வளாகம் மாறும், ஒரு இடத்தில் லீனியர் அல்ஜீப்ரா கட்டாயம், இன்னொரு இடத்தில் பரிந்துரை மட்டும். நாங்கள் இந்தத் தாளை இரண்டாம் வருடத்தில்தான் முதல்முறையாகப் பார்த்தோம்.

ஒரு எச்சரிக்கை: இப்போது காலேஜ்களில் பொதுப் பாட எண்கள் வந்துகொண்டிருக்கின்றன, 2025 ஃபாலிலிருந்து (இலையுதிர் பருவம்) முதல் ஆங்கிலப் பாடம் எல்லா காலேஜ்களிலும் ஒரே எண்ணில் வருகிறது. பழைய பட்டியலைப் பார்த்துத் திட்டம் போட்டிருந்தால் எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கால்குலஸ் வரிசையைப் பற்றி எல்லோரிடமும் சொல்கிறீர்களே, அப்படி என்ன?

என் மகன் இழந்த வருடம் இங்கேதான் போனது. அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்வேன்.

கம்யூனிட்டி காலேஜ்களில் பெரும்பாலானவை செமஸ்டர் முறை. டி ஆன்ஸா, ஃபுட்ஹில் மாதிரி சில குவார்ட்டர் முறை, அதாவது செமஸ்டரைவிடக் குறுகிய பருவங்கள். செமஸ்டரில் கால்குலஸ் மூன்று பாடமாக வரும், டி ஆன்ஸாவில் அதே விஷயம் நான்கு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. நான்கு தோசையையும் மூன்று தோசையையும் ஒரே மாவில் வார்த்தாலும் ஒரு தோசை இன்னொன்றுக்குச் சமமாகாதே. என் மகன் ஒரு குவார்ட்டர் காலேஜில் முதல் இரண்டு துண்டை முடித்துவிட்டு, பகுதிநேர வேலைக்கு வசதி என்று ஒரு செமஸ்டர் காலேஜுக்கு மாறினான். அங்கே அவன் படித்தது முதல் பாடமும் இரண்டாவதில் பாதியும் என்று ஆகிவிட்டது. பாதிக்கு மதிப்பு இல்லை, இரண்டாவதை முழுசாகத் திரும்ப எடுத்தான். அது தள்ளியதால் மூன்றாவது தள்ளியது, மூன்றாவது தள்ளியதால் டிஃபரென்ஷியல் ஈக்வேஷன்ஸ் தள்ளியது. டிரான்ஸ்ஃபர் ஆக வேண்டிய வருடத்தின் ஸ்பிரிங்குக்குள் (வசந்தப் பருவம்) முடிக்கவேண்டியது முடியவில்லை. யூசியில் பெரும்பாலும் வருடத்துக்கு ஒருமுறை, ஃபாலில்தான் சேர்க்கை. ஒரு பாடம் தவறினால் போவது ஒரு செமஸ்டர் இல்லை, ஒரு வருடம்.

அதனால், கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மாதிரி வரிசையாக வரும் பாடங்களை ஆரம்பித்த காலேஜிலேயே முடியுங்கள். நடுவில் மாறுவதாக இருந்தால் வரலாறு, உளவியல் மாதிரித் தனியாக நிற்கும் பாடங்களை வெளியே எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. இன்ஜினியரிங், கணினி அறிவியல், இயற்பியல் மேஜர் என்றால் எந்தக் கணக்குப் பாடத்தில் ஆரம்பிக்கிறீர்கள் என்பதே எத்தனை வருடம் என்பதைத் தீர்மானிக்கும். கால்குலஸ் இல்லாமல் அந்த இயற்பியல் வரிசையில் உட்கார முடியாது. ப்ரீகால்குலஸில் ஆரம்பிக்கும் பிள்ளைக்குக் கோடை வகுப்பும் சேர்த்தால்தான் இரண்டு வருடத்தில் முடியும், இல்லாவிட்டால் இரண்டரை, மூன்று. அது தோல்வி இல்லை, முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஏபி கால்குலஸ் (ஹைஸ்கூலிலேயே எழுதும் காலேஜ் நிலைத் தேர்வு) மதிப்பெண் இருந்தால் காலேஜில் கொடுத்துவிடுங்கள், ஒரு படி தாண்டலாம்.

அசோசியேட் டிகிரி வாங்கியே ஆக வேண்டுமா?

அசோசியேட் டிகிரி என்பது கம்யூனிட்டி காலேஜ் கொடுக்கும் இரண்டு வருடப் பட்டம். யூசிக்கு அது வேண்டாம். அங்கே கேட்பது 60 செமஸ்டர் யூனிட், அதாவது 90 குவார்ட்டர் யூனிட், ஆங்கிலத்தில் இரண்டு பாடம், கணக்கில் ஒன்று, மற்ற துறைகளில் நான்கு, அப்புறம் மேஜருக்கான பாடங்கள்.

சிஎஸ்யுவுக்கு அது பெரிய உதவி. 2010இல் வந்த ஒரு சட்டத்தால் ஏடிடி என்று ஒரு தனி அசோசியேட் டிகிரி இருக்கிறது. அதை முடித்தால் சிஎஸ்யுவில் ஏதோ ஒரு வளாகத்தில் இடம் உறுதி, அதே துறையில் தொடர்ந்தால் இன்னும் 60 யூனிட்டில் பி.ஏ. அல்லது பி.எஸ். முடித்துவிடலாம். ‘ஏதோ ஒரு வளாகத்தில்’ என்பதைக் கவனியுங்கள். சான் ஹோசே ஸ்டேட்டில் கணினி அறிவியல்தான் வேண்டும் என்றால் அதை ஏடிடி உறுதி செய்யாது, அங்கே போட்டிதான். சிஎஸ்யு வேண்டும் என்பவர்கள் பேச்சுப் பயிற்சி, எழுத்து, தர்க்க சிந்தனை, கணக்கு ஆகிய நான்கையும் குறைந்தது சி மைனஸில் முடித்திருக்க வேண்டும்.

பொதுப் பாடங்கள் முதலிலா, மேஜர் பாடங்கள் முதலிலா?

2025 ஃபாலிலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு யூசி, சிஎஸ்யு இரண்டுக்கும் ஒரே பொதுப் பாடத் தொகுப்பு, கால்-ஜிஇடிசி என்று பெயர், 34 செமஸ்டர் யூனிட். அரசியல் அறிவியல், ஆங்கிலம், சமூகவியல் மேஜர்களுக்கு இதை முடித்துவிட்டுப் போவது நிம்மதி. இன்ஜினியரிங், கணினி, உயிரியல் போகிறவர்கள் இதை முழுசாக முடிக்க முயற்சி செய்து மேஜர் பாடத்தை விட்டுவிடுவதைப் பார்த்திருக்கிறேன், அது தப்பு. இந்த மேஜர்களில் யூசி முதலில் பார்ப்பது மேஜர் பாடங்களைத்தான், மீதிப் பொதுப் பாடங்களை அங்கே போய் முடித்துக்கொள்ளலாம்.

70 யூனிட்டுக்கு மேல் எடுத்தால் சேர்க்க மாட்டார்களாமே?

இல்லை. கம்யூனிட்டி காலேஜில் எவ்வளவு எடுத்தாலும் யூசி கணக்கில் 70 செமஸ்டர் யூனிட் வரைதான் ஏறும், அதற்கு மேல் எடுத்த பாடங்களைப் படித்ததாக ஏற்றுக்கொள்வார்கள், எண்ணிக்கையில் மட்டும் சேராது. கம்யூனிட்டி காலேஜில் மட்டுமே படித்தவருக்கு இதனால் கதவு மூடாது. நடுவில் ஏதாவது நான்கு வருடப் பல்கலைக்கழகத்திலும் படித்திருந்தால்தான் யூனிட் அதிகமாகிச் சிக்கல் வரலாம்.

ஜிபிஏ எவ்வளவு இருக்க வேண்டும்? டபிள்யூ இருந்தால் போச்சா?

ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, யூசியில் குறைந்தபட்சம் மாநிலத்தவருக்கு 2.4, வெளியாருக்கு 2.8. சிஎஸ்யுவில் மாநிலத்தவருக்கு 2.0. இவை வாசலைத் தொடும் எண்கள், உள்ளே நுழையும் எண்கள் இல்லை. யூசியின் இணையதளத்திலேயே ஒவ்வொரு வளாகத்திலும் ஒவ்வொரு மேஜரிலும் சேர்த்துக்கொள்ளப்பட்ட டிரான்ஸ்ஃபர் மாணவர்களின் ஜிபிஏ வரம்பு பட்டியலாக இருக்கிறது. நண்பர் சொன்னதை விட்டுவிட்டு அதைப் பாருங்கள்.

ஹைஸ்கூல் மதிப்பெண்ணும் எஸ்ஏடியும் இந்தப் போட்டியில் வராது. ஹைஸ்கூலில் சறுக்கிய பிள்ளைக்கு இது புதுச் சிலேட்டு. பல பேருக்கு இந்த ஒரு விஷயத்தைச் சொன்னவுடனே முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

டபிள்யூ, அதாவது பாடத்தை நடுவில் விட்டதற்கான குறி, ஜிபிஏவில் சேராது. ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை. டி, எஃப் வாங்கிய பாடத்தைத் திரும்ப எடுக்கலாம், சி வாங்கியதைத் திரும்ப எடுத்தால் யூசி அந்தப் புது மதிப்பை எடுத்துக்கொள்ளாது. அதனால் ஒரு பாடம் சி-யை நோக்கிப் போகிறது என்று தெரிந்தால் டபிள்யூ கடைசித் தேதிக்கு முன்பே உட்கார்ந்து பேசுங்கள். அந்தப் பேச்சைப் பிள்ளை ஆரம்பிக்கப் பயப்படாத வீடாக இருக்க வேண்டும்.

டேக் என்றால் என்ன?

டிரான்ஸ்ஃபர் உறுதி ஒப்பந்தம். டேவிஸ், அர்வைன், மெர்சட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசிகள் கொடுக்கின்றன. குறிப்பிட்ட பாடங்களும் ஜிபிஏவும் இருந்தால் இடம் உறுதி. பெர்க்லி, யூசிஎல்ஏ, சான் டியேகோ கிடையாது. ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போடலாம், செப்டம்பர் 1 முதல் 30 வரை. டேக் போட்டாலும் பொது விண்ணப்பத்தை அப்புறம் தனியாகப் போட வேண்டும், இதை மறந்தவர்கள் உண்டு. சில வளாகங்களில் கணினி அறிவியல், இன்ஜினியரிங் மாதிரி மேஜர்களுக்கு டேக் இல்லை. தகுதி இருந்தால் கட்டாயம் போடுங்கள், பெர்க்லிக்குப் போகத்தான் ஆசை என்றாலும் போடுங்கள். கையில் ஒரு இடம் உறுதியாக இருக்கும் பிள்ளை அந்தக் குளிர்காலத்தில் நிம்மதியாகத் தூங்குவான்.

விண்ணப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை, சில வருடம் ஓரிரு நாள் நீளும். யூசிக்கு நான்கு சிறு பதில்கள் எழுத வேண்டும், ஒவ்வொன்றும் 350 சொல்லுக்குள். ஒன்று எல்லோருக்கும் கட்டாயம்: இந்த மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்று. மீதி மூன்றை ஏழு கேள்விகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நம் பிள்ளைகள் வீட்டில் செய்வதை எழுதுவதே இல்லை. தம்பியைப் பள்ளியில் விடுவது, தாத்தாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது, வாரம் இருபது மணி நேரம் கடையில் நிற்பது, இதெல்லாம் படிப்போடு சேர்த்துச் சுமந்தது. எழுதச் சொல்லுங்கள்.

படித்த எல்லா காலேஜையும் காட்ட வேண்டும், ஒரே ஒரு கோடை வகுப்பாக இருந்தாலும், ஃபெயில் ஆகியிருந்தாலும். மறைத்தது பின்னால் தெரிந்தால் கொடுத்த இடத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஜனவரியில் ஃபால் மதிப்பெண்களைப் புதுப்பிக்கச் சொல்லி மின்னஞ்சல் வரும், அதையும் விடக்கூடாது. ஏப்ரல் முடிவுக்குள் பதில் வரும், ஜூன் 1க்குள் சம்மதம் சொல்ல வேண்டும்.

பிள்ளை ஹெச்-4 விசாவில் இருக்கிறாள். என்ன ஆகும்?

ஹெச்-4இல், அதாவது ஹெச்-1பி வேலை விசாக்காரரின் குடும்பத்துக்கான விசாவில், இருப்பவர் கலிஃபோர்னியாவில் வசிப்பவராகக் கணக்கிடப்பட முடியும். ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே குடியிருந்து அதற்கான ஆதாரங்களும் இருந்தால் யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம்தான். மத்திய அரசின் உதவித்தொகை கிடைக்காது. பெரிய விஷயம் 21 வயது. அன்றோடு ஹெச்-4 முடிகிறது, கிரீன் கார்டு வரிசை நகராத நம் குடும்பங்களுக்கு இது நிஜமான பயம். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறினால் வசிப்பவர் தகுதியே கேள்விக்குள்ளாகி, யூசியில் வருடத்துக்கு 30,000 டாலருக்கு மேல் கூடுதல் கட்டணம் வரலாம். கம்யூனிட்டி காலேஜில் ஒரு வருடம் கூடுதலாகப் போவது மற்றவர்களுக்கு வெறும் தாமதம், இவளுக்கு அது 21க்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்ற கேள்வி. அதனால் பிறந்தநாளையும் பாடத் திட்டத்தையும் ஒரே தாளில் எழுதுங்கள். குடியேற்ற வழக்கறிஞரையும், போகப்போகும் பல்கலைக்கழகத்தின் ரெசிடென்சி அலுவலகத்தையும் குறைந்தது ஒரு வருடம் முன்பே கேளுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து நேராக எஃப்-1இல் கம்யூனிட்டி காலேஜுக்கு வரலாமா?

வரலாம். ஆனால் 46 டாலர் கணக்கு உங்களுக்கு இல்லை, வெளிநாட்டு மாணவருக்கு யூனிட் கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஒவ்வொரு செமஸ்டரும் குறைந்தது 12 யூனிட் எடுக்க வேண்டும். டிரான்ஸ்ஃபர் ஆன பிறகும் வெளியார் கட்டணம்தான். நான்கு வருடத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், முதல் இரண்டு வருடத்தை மட்டும் காட்டி விளம்பரம் செய்பவர்களை நம்பி வீட்டை அடமானம் வைக்காதீர்கள்.

என் மனைவி கோயம்புத்தூரில் பி.எஸ்சி. முடித்தவர். இங்கே இப்படிச் சேர முடியுமா?

கம்யூனிட்டி காலேஜில் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒரு இளநிலைப் பட்டம் இருப்பவரை யூசி பெரும்பாலும் இன்னொரு இளநிலைப் பட்டத்துக்குச் சேர்த்துக்கொள்வதில்லை. அவருக்கு முதுகலைக்குத் தேவையான முன்பாடங்களைக் கம்யூனிட்டி காலேஜில் எடுத்துவிட்டு நேரே முதுகலைக்குப் போவதுதான் பொருத்தம்.

கவுன்சிலர் சொன்னால் போதாதா?

கவுன்சிலரைப் பாருங்கள், ஒவ்வொரு செமஸ்டரும் பாருங்கள். பெரும்பாலோர் நல்லவர்கள், ஆனால் அரை மணி நேரத்தில் நூறு மேஜரையும் அவர்கள் நினைவில் வைத்திருக்க முடியாது. என் மகனிடம் ‘பொதுப் பாடங்களை முடித்துவிட்டு வா, மேஜரை அப்புறம் பார்க்கலாம்’ என்றார் ஒருவர். அந்த அறிவுரை பலருக்குச் சரி, அவனுக்குச் சரியில்லை. அசிஸ்ட் தாளை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். அவர் சொன்னதை அன்றே மின்னஞ்சலில் எழுதி உறுதி செய்துகொள்ளுங்கள்.

சேர்ந்த பிறகு எப்படி இருக்கும்?

முதல் குவார்ட்டர் கஷ்டம். யூசியில் பெர்க்லியும் மெர்சடும் தவிர மற்றவை குவார்ட்டர் முறை, பத்து வாரத்தில் பாடம் முடிகிறது. பதினாறு பதினெட்டு வாரச் செமஸ்டருக்குப் பழகிய பிள்ளைக்கு மூன்றாம் வாரத்திலேயே மிட்டெர்ம் வந்து நிற்கும். முதல் குவார்ட்டரில் கடினமான பாடங்கள் இரண்டுக்கு மேல் வேண்டாம்.

அதே ஃபாலில்தான் அடுத்த கோடைக்கான இன்டர்ன்ஷிப் தேர்வும் நடக்கும். நான்கு வருடமும் அங்கே இருப்பவர்களுக்கு இது மூன்றாவது சுற்று, உங்கள் பிள்ளைக்கு முதல் சுற்று, வளாகத்தில் கட்டடம் எது என்றே தெரியாத நேரம். அதனால் ரெஸ்யூமேயை ஆகஸ்டிலேயே தயார் செய்யச் சொல்லுங்கள். கம்யூனிட்டி காலேஜில் செய்த புராஜெக்ட், டியூட்டரிங் வேலை எல்லாம் அதில் வரட்டும். என் மகன் கணக்கு டியூட்டராக இருந்ததைத்தான் முதல் நேர்காணலில் கேட்டார்கள். அவன் அதில் நடத்தியது, திரும்ப எடுத்தானே, அந்த இரண்டாவது கால்குலஸ் பாடத்தைத்தான்.